நடந்தால்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘சொந்தத்தில் மணம் முடிப்பதால் வரும் நோய்’ என்றொரு வரி போகிறபோக்கில் வருகிறது. நானும் என் மனைவியும் எவ்வகையிலும் உறவினர் அல்லர். எங்கள் மகளுக்கு இந்நோய் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் எஸ்.எம்.என்.1 மரபணுவில் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவுமுறைத் திருமணம் அந்த வாய்ப்பைக் கூட்டலாமே தவிர, அதுவே காரணம் ஆகிவிடாது என்பது தாங்கள் அறியாததல்ல. ‘எந்தப் பக்கத்துப் பாவமோ’ என்று என் மனைவியின் காதுபடப் பேசிய உறவினர்களுக்கு இனி அச்சிட்ட ஆதாரமே கிடைத்துவிட்டது, நன்றி.

தங்கள் இதழுக்கு இந்நோய் என்றாலே சோல்ஜென்ஸ்மா என்ற 16 கோடி ரூபாய் ஊசிதான். 2019இல் அமெரிக்காவில் அந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. என் மகளுக்குப் பதினொரு வயது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த தங்கள் புகைப்படக்காரர், அவள் சிரித்துக்கொண்டிருந்த படத்தை விட்டுவிட்டு, அவளுடைய தாய் கண்ணைத் துடைக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

இந்நோய்க்கு வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்தின் ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. இருபது கிலோ எடையைத் தாண்டிய பிள்ளைக்கு அது பன்னிரண்டு நாள்களுக்குத்தான் வரும். மத்திய அரசு அரிய நோய் உள்ள ஒருவருக்கு வழங்கும் உதவியின் 50 லட்சம் ரூபாய் உச்சவரம்பு எட்டுப் பாட்டில்களில் கரைந்துவிடும். காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனம் அதே மருந்தைப் பாட்டில் 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. எங்களைப் போன்ற குடும்பங்கள் இரவெல்லாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அந்தச் செய்தி, தங்கள் இதழில் ஒரு பத்தியாகக்கூட வரவில்லை.

மருந்து தொடங்கிய பின் என் மகள் எழுந்து நடக்கவில்லை. முன்பு இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கித்தான் எழுதுவாள். இப்போது தாங்காமலேயே அரைப் பக்கம் எழுதுகிறாள். நடந்தால்தான் முன்னேற்றம் என்னும் கட்டுரையாளரின் அளவுகோலில் இது முன்னேற்றம் ஆகாது போலும்.

உறவுமுறைத் திருமணம் குறித்த அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். திருமணத்துக்கோ கருத்தரிப்புக்கோ முன்பே இக்குறையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை உண்டு என்பதையும் அதனுடன் சேர்த்தால் நலம். இடம் போதாதெனில் திருத்தம் மட்டுமாவது வரட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சேலம்.