உர மூட்டை எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரத் தட்டுப்பாடு குறித்த செய்திகள் பெரும்பாலும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களைப் பற்றியே வெளிவருகின்றன. டெல்டாவின் சாகுபடிப் பரப்பைப் பார்க்கும்போது அது இயல்புதான். ஆனால் மணலியையும் மாதவரத்தையும் தாண்டிச் சற்றுத் தொலைவு போனாலே சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் (சாகுபடிப் பருவம்தோறும்) நெல் விளைகிறது என்பதும், அங்கே உழுபவர்களில் பலர் வடசென்னைக் குடும்பங்களின் உறவினர்கள் என்பதும் அந்தச் செய்திகளில் இடம்பெறுவதில்லை. மணலி புதுநகரில் வசிக்கும் எனக்கு, பொன்னேரி வட்டத்தில் குத்தகை நிலத்தில் நெல் பயிரிடும் மைத்துனர் ஒருவர் உண்டு. அவரும் அவருடைய அக்கம்பக்கத்து விவசாயிகளும் பட்டம்தோறும் படும் அலைச்சலை அருகிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில், அரசு உடனே செய்யக்கூடிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) தரும், வேப்பெண்ணெய் பூசிய 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரி உட்பட 266 ரூபாய் 50 காசு. இந்த விலை பல ஆண்டுகளாக மாறவில்லை. மணிச்சத்தும் ஓரளவு தழைச்சத்தும் தரும் டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,200 ரூபாயிலிருந்து 2022இல் 1,350 ரூபாயானது. உண்மையில் அதிர்ச்சி கொடுத்தது சாம்பல்சத்து தரும் பொட்டாஷ்தான். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த மூட்டை, உக்ரைன் போரும், பொட்டாஷ் ஏற்றுமதி செய்யும் பெலாரஸ் மீதான தடைகளும் சேர்ந்துகொண்ட 2022இல் 1,700 ரூபாய் வரை ஏறியது. இந்தியா பொட்டாஷுக்கு ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருப்பதால் அதைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று. அரசு கைகட்டி நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2022-23ஆம் நிதியாண்டில் உர மானியத்துக்கு மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. ஆனால் யூரியாவின் விலை மட்டும் நிலைத்திருக்க, மற்ற இரண்டும் ஏறியதால், கையில் காசு குறைந்த விவசாயி பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவைக் கூட்டிப் போடுகிறார். பயிர் பார்வைக்குக் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பிறகு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் எளிதாக இறங்கும். அறுவடை நெருங்கும் வேளையில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். மணி பிடிக்காத கருக்காய் நெல் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் போகும்போது என்ன விலைக்குக் கேட்கப்படும் என்பதை அந்த வட்டார விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடுமையானது, மூட்டை உரிய நாளில் கிடைக்காமல் போவது. குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து என்பது திருவள்ளூர் மாவட்டம் போன்ற பகுதிகளுக்கான பொதுப் பரிந்துரை. அதில் தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டிவிட முடியாது. அடியுரமாகவும், தூர் கட்டும் (பக்கத் தண்டுகள் வெடிக்கும்) பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் நான்காகப் பிரித்து இட வேண்டும். ஏக்கர் கணக்கில் பார்த்தால் முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவாக டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா, அரை மூட்டைக்குச் சற்றுக் கூடுதலாகப் பொட்டாஷ் என்று வரும். அளவு ஒன்றும் மலைப்பானதல்ல. ஆனால் நட்ட இருபதாம் நாள் போட வேண்டிய மேலுரம் முப்பத்தைந்தாம் நாள் வந்து சேர்ந்தால், விடுபட்ட தூர்களை அது திரும்பக் கொண்டுவராது. பத்து, பன்னிரண்டு தூர் வெடிக்க வேண்டிய குத்தில் ஆறேழு தூர் நின்றால், அதன் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் கதிர் எண்ணிக்கை அவ்வளவுதான். பயிர் வெளிறிக்கொண்டிருப்பதைத் தினமும் வரப்பில் நின்று பார்த்தபடி, கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடைக்குமாக அலைவதைப் போன்ற வேதனை வேறில்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்து பல பத்தாண்டுகளாகின்றன. உவர் நீரோடு போராடி ஏற்கெனவே குறைந்த விளைச்சலில் பிழைப்பவர்களுக்கு இந்தக் காலதாமதம் தாங்க முடியாத இழப்பு.

தட்டுப்பாடு தலைகாட்டியவுடன் தனியார் கடைகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சென்ற பட்டத்தில் மைத்துனருடன் நானும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். "அண்ணே, யூரியா மட்டும் ரெண்டு மூட்டை போடுங்க, போதும்" என்றார் அவர். "தனியா தர முடியாதுப்பா, மொத்த வியாபாரியே எங்களுக்கு அப்படித்தான் ஏத்தி அனுப்புறாரு" என்று சொல்லிய கடைக்காரர், கேட்காத ஒரு நானோ யூரியா (திரவ உரம்) பாட்டிலையும், பயிர் ஊக்கி என்று எழுதிய ஒரு சிறு டப்பாவையும் மூட்டைகளின் மேல் வைத்தார். மானிய உர விற்பனையைப் பதியும் கருவியில் விரல் ரேகை வைத்ததும், அதிலிருந்து வந்த ரசீதில் யூரியாவின் விலை காசு பிசகாமல் சரியாக இருந்தது. பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் தனித் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதப்பட்டது. 533 ரூபாய்க்கு முடிய வேண்டிய வேலை ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அரசின் கணினியில் அந்த விற்பனை விதிப்படி நடந்ததாகவே பதிவாகியிருக்கும்.

அந்தக் கடைக்காரர் மீது மட்டும் பழி சுமத்த எனக்கு மனமில்லை. யூரியா விற்பவருக்கு 2018இல் நிர்ணயிக்கப்பட்ட கமிஷன் டன்னுக்கு 354 ரூபாய். மூட்டைக்குப் பதினாறு ரூபாய் அளவில் வரும் அந்தத் தொகைக்குள் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் பங்கு போட்டுக்கொண்டு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கடை வாடகை அனைத்தையும் சமாளிக்க வேண்டும். கட்டுப்படியாகாத பொருளை விற்கச் சொன்னால், கட்டுப்படியாகும் பொருளை அதன் தலையில் கட்டுவது நடக்கத்தான் செய்யும். கமிஷனை உயர்த்தித் தருவதும், கட்டாய இணைப்பு விற்பனையைக் கண்டிப்பாகத் தண்டிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். இணைப்பு விற்பனையைத் தடுக்கும்படி மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். கடிதம் சரி, ஆனால் அந்தத் தடை மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து தொடங்காமல் கிராமத்துக் கடையில் மட்டும் சோதனை நடத்தினால் பயன் இருக்காது.

இங்கே வடசென்னைக்காரனாக எனக்கு ஒரு தனி ஆதங்கம் உண்டு. 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் எங்கள் மணலியில்தான் இருக்கிறது. 'விஜய்' என்ற பெயரில் வந்த அதன் உரத்தைத் தெரியாத விவசாயி தென்னிந்தியாவில் குறைவு. நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை நம்பியிருந்த அந்த ஆலை, எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் வந்த பிறகு 2019இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அதுவும் இறக்குமதி எரிவாயுதான். உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் யூரியா மூட்டையின் விலை ஏறுவதில்லை, ஏனெனில் அந்தச் சுமையை மானியம் ஏற்கிறது. நெருக்கடி எல்லாம் உற்பத்தியிலும் கப்பல் வரத்திலும் வெளிப்படுகிறது. சீனா 2021இலிருந்து யூரியாவையும் டி.ஏ.பி.யையும் வெளியே அனுப்புவதை அவ்வப்போது இறுக்கிப் பிடிப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆலைகளோடு வாழ்வதன் விலையை நாங்கள் வேறு விதமாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உர உற்பத்திக்கான அந்த வாயு மக்களை வீட்டை விட்டு ஓட வைத்தது. இத்தனையையும் தாங்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே உள்ள பொன்னேரியில் ஒரு விவசாயி யூரியாவுக்காகக் காத்திருக்கிறார் என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? மணலியில் உற்பத்தியாவது முழுவதையும் திருவள்ளூர் மாவட்டத்துக்கே தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கே எவ்வளவு போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவாவது எங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

என் முதன்மையான கோரிக்கை இதை ஒட்டியதே. எந்த மாநிலத்துக்கு எந்த நிறுவனம் எவ்வளவு உரம் அனுப்ப வேண்டும் என்று மத்திய உரத்துறை மாதம்தோறும் ஒரு வழங்கல் திட்டம் வகுக்கிறது. உரம் ஏற்றிய சரக்கு ரயில் எந்த நிலையத்துக்கு வருகிறது, அங்கிருந்து எந்த மாவட்டத்துக்கு எத்தனை டன் பிரிகிறது என்பதெல்லாம் வேளாண்துறை அதிகாரிகளுக்குத் தெரியும். விவசாயிக்குத்தான் தெரியாது. மாநில அரசின் உழவன் செயலியில் உர இருப்பு விவரம் காட்டப்படுவது நல்ல ஏற்பாடு. ஆனால் இன்று எந்தக் கடையில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை மட்டுமே அதில் பார்க்க முடிகிறது. இருப்பு பூஜ்யம் என்று காட்டும் நாளில், அடுத்த லோடு நான்கு நாளில் வருமா, நான்கு வாரத்தில் வருமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் தெரியாததால்தான், வந்த அன்றே தேவைக்கு மேல் வாங்கி வீட்டில் அடுக்கும் பழக்கம் பரவுகிறது. வசதி உள்ளவர் பத்து மூட்டை எடுத்துப் போக, கடன் வாங்கி வருபவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் அடுத்த முப்பது நாளில் எந்த வாரம் எந்த உரம் எவ்வளவு வரும் என்ற பட்டியலை, பட்டம் தொடங்குவதற்கு முன்பே செயலியிலும், சங்க வாசலில் கரும்பலகையிலும் வெளியிட வேண்டும். ஆலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாட்களையும் அதனுடன் சொல்ல வேண்டும். வருவதில் தாமதம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். பத்து நாள் தாமதம் என்று முன்பே தெரிந்தால், நடவைச் சற்றுத் தள்ளிப்போடவோ, இருக்கும் உரத்தை, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தேவையைக் கணிக்க உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்துச் சிக்கனமாகப் பிரித்து இடவோ விவசாயிக்கு அவகாசம் கிடைக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985இன்படி இருப்பையும் விலையையும் கடையில் எழுதி வைப்பதும், ரசீது தருவதும் ஏற்கெனவே கட்டாயம். வரவையும் அறிவிக்கச் சொல்வது அதன் அடுத்த படிதான்.

ரசாயன உரத்தையே விட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், அசோலா என்ற நீர்ப்பெரணியை வளர்ப்பதும், அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலப்பதும் தழைச்சத்துத் தேவையில் ஒரு பகுதியைக் குறைக்கும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. பசுந்தாள் உர விதைகளை மாநில அரசு மானியத்தில் தருவதை வரவேற்கிறேன். என் மைத்துனரும் விதைக்கிறார். ஆனால் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டு அந்த நிலம் கையில் இருக்குமா என்பதே உறுதியில்லாதபோது, மண்ணைத் தேற்ற நாற்பது, ஐம்பது நாள் ஒதுக்கச் சொல்வது சுலபமல்ல. 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தி, நெல் விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே அந்தத் தடையை விலக்கிக்கொண்டதை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தோம். மாற்றம் மெல்ல வர வேண்டும். அதுவரை மூட்டை நேரத்துக்கு வர வேண்டும்.

குத்தகைக்காரரின் இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனோடு உரம் பெற அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்ற கிராமப் பதிவு) கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு நில உரிமையாளர் எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார். அதனால் அவர் சங்கத்தை விட்டுத் தனியார் கடைக்குப் போய், இணைப்புப் பொருட்களோடு கடனுக்கு வாங்கி, அந்தக் கடனுக்காக அறுவடையில் அதே வியாபாரிக்கு நெல்லை விட்டுக்கொடுக்கிறார். சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2025 செப்டம்பரிலிருந்து அறிவிக்கப்பட்ட கொள்முதல் விலை அவரைப் போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம். உழுபவர் யார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சான்று தந்தால், அந்தச் சான்றின்மேல் சங்கம் ரொக்கத்துக்காவது உரம் கொடுக்கலாம்.

நவரைக்கு நாற்று விடும் காலம் தொடங்கும் முன்பே, பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி சங்கங்களுக்கான உர வரவுப் பட்டியலைத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் வெளியிட்டு, முதல் மேலுரத்துக்கான யூரியாவை நடவு நாளிலேயே சங்கங்களில் இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மணலி புதுநகர், சென்னை