அம்மாவை இஞ்ச எடுக்கிறது பற்றி

ரொறன்ரோ
மாசி

அன்புள்ள அக்கா,

அம்மாவை இஞ்ச எடுக்கிறதைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். பிள்ளையள் தாய் தேப்பனைக் கூப்பிடுற சுப்பர் விசாவில வந்தால் ஒரே மூச்சில 5 வருசம் நிக்கலாம். நான் சொல்லுறது, நாலு மாசம் போதும். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய வெளிக்கிட்டு, மாரி துடங்க முதல் திரும்பட்டும்.

இஞ்ச பகலில வீடு வெறும் வீடு. பெரியாக்கள் வேலையில, பிள்ளையள் பள்ளிக்கூடத்தில. கோடையில பின்வளவில கத்தரி, பயித்தை வைக்கலாம், பின்னேரம் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். தை, மாசியில நடைபாதை கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும். வயசு போனவை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். அந்தப் பயத்தில அவையள் மாசக்கணக்கா சன்னலடியிலதான். வேலிக்கரையில மாமியோட நாலு கதை கதைக்காட்டி அம்மாவுக்குச் சோறு இறங்காது. மாமிக்கு நான் விசா எடுக்க ஏலாதே.

இனிக் கடதாசி வேலை. கன பேருக்குப் பிழைக்கிறது பேரிலதான். நான் அம்மான்ர பிள்ளை எண்டதுக்கு என்ர பிறப்புச் சான்றிதழ் வேணும். 2009 இல அது துலைஞ்சதால, பிறப்புப் பதிஞ்ச பிரதேச செயலகத்தில உறுதிப்படுத்தின பிரதி எடுங்கோ. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட குடுக்கேக்க அம்மான்ர பாஸ்போட்டையும் காட்டுங்கோ. அதில இருக்கிற ஆங்கில எழுத்துத்தான் மொழிபெயர்ப்பிலயும் வரவேணும். தமிழ்ச் சான்றிதழிலயே பேர் வேற மாதிரி இருந்தால், ரெண்டும் ஒராள்தான் எண்டு சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசி முடியுங்கோ.

மருத்துவச் சோதனைக்கு எங்கட ஆஸ்பத்திரி டொக்டரின்ர கடிதம் செல்லாது. கனடா ஏற்றுக்கொண்ட டொக்டர்மாரின்ர பட்டியல் இருக்குது, அதில உள்ள ஒருத்தரிட்டத்தான் காட்டவேணும். அதுக்குக் கொழும்புக்குப் போகவேணும். அழைப்புக் கடிதம், வருமானக் கணக்கு என்ர பொறுப்பு. காப்புறுதியும் நான் எடுப்பன், குறைஞ்சது 100,000 டொலருக்கு, ஒரு வருசத்துக்கு. நாலு மாசத்துக்கு வந்தாலும் அப்பிடித்தான் கேக்கினம். இதில ஒரு பொறி இருக்கு. பயணத்துக்குக் கொஞ்ச மாசத்துக்கு முதல் பிறசர் குளிசையையோ சீனிக் குளிசையையோ கூட்டிக் குறைச்சிருந்தால், அந்த வருத்தத்துக்குக் கனக்கக் கொம்பனியள் காசு கட்டாது. மாத்தவேணுமெண்டால் இப்பவே மாத்தச் சொல்லுங்கோ. குளிசையளைப் போத்தலில கொட்டாமல், பேர் தெரியிற மட்டையோடயே கொண்டு வரட்டும்.

ரிக்கற் போடேக்க சக்கர நாற்காலி கேளுங்கோ. காசில்லை. அம்மா நல்லா நடப்பாதான், ஆனால் விமானம் மாறுற இடத்தில வழிகாட்ட ஒராள் கூட வரும்.

பொதியில ஒடியல், வறுத்தரைச்ச தூள், கருவாடு வரலாம். தூளை அரைச்ச சூட்டோட கட்டினால் வேர்த்துக் கட்டிபடும், ஒரு இரவு ஆறவிடுங்கோ. பச்சை இலை, விதை, மண்ணோட கண்டு ஒண்டும் வேண்டாம், எயாப்போட்டில பிரச்சினை வரும்.

காணி பெமிற் அம்மான்ர பேரில. பயணத்துக்கு முதல் பிரதேச செயலகத்தில பின்னுரித்தாளரை, அம்மாவுக்குப் பிறகு காணி ஆருக்கெண்டதை, பதிஞ்சு போடுங்கோ. உங்கட பேர்தான் போடவேணும், என்ர வேண்டாம். கிணத்தை இறைச்சு வளவைக் கூட்டுறது நீங்கள். அம்மா இல்லாத நேரம் கிழமைக்கு ஒருக்காவது கதவைத் திறந்து நிலையடியைப் பாருங்கோ. பூட்டிக் கிடக்கிற வீட்டில கறையான் முதல் அதிலதான் ஏறும்.

மாமிக்கும் ஒரு வேலை. கோடையில இஞ்சத்தைய நேரம் உங்கட நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி. இஞ்ச சனி இரவு ஒன்பது அடிக்கேக்க அங்க ஞாயிறு காலமை ஆறரை. அந்த நேரம் அம்மாவோட கதைக்க எங்கட விறாந்தையில போனோட இருக்கச் சொல்லுங்கோ. கார்த்திகையில நேரத்தை மாத்துவினம், அதுக்கு முதல் அம்மா வந்திடுவா.

மொழிபெயர்ப்பு வந்ததும் முத்திரை தெரியிற மாதிரி ரெண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கோ.

அன்புடன்,
தம்பி