நாற்பது லிபரேட்டர்களும் அடைபட்ட வடிகால் துளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஈஸ்ட் கிர்க்பி என்ற ஊரில், இரண்டாம் உலகப் போர்க்கால லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சீர்செய்து வருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் "இப்படியொரு வேலையை நம் ஊரில் யாரால் நினைத்துப் பார்க்க முடியும்?" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் இதைச் செய்திருக்கிறார்கள். அதுவும் சுமார் 40 விமானங்களுக்கு.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சின், மின்சாரம், ரேடியோ, ஆயுதம் இவை போக விமானத்தில் மிச்சம் இருப்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. தகடு, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட், ஹைட்ராலிக் குழாய், சக்கரம், பிரேக். தாம்பரத்தில் பயிற்சி எடுத்தபோது எங்களுக்குப் பாடம் நடத்திய வாரன்ட் ஆபீசர், புனேயில் லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானங்களில் வேலை பார்த்தவர். நாங்கள் ரிவெட்டைக் கோணலாக அடித்துவிட்டால் திட்டமாட்டார். "கான்பூர்ல கெடந்த குப்பையையே நேராக்கிட்டாங்க, உனக்குப் புதுத் தகடு கொடுத்திருக்கேன்" என்பார். அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். போரின்போது பர்மா மீது குண்டு போடுவதற்கு பிரிட்டிஷ் விமானப்படை இந்தியாவில் வைத்திருந்த பெரிய விமானம், அமெரிக்காவில் செய்த பி-24 லிபரேட்டர். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை. லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால இரவல் ஏற்பாட்டில் அமெரிக்கா கொடுத்திருந்ததால், போர் முடிந்ததும் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனமில்லை. கான்பூரில் சகேரி தளத்தில் வரிசையாக நிறுத்தி, இனி எழுந்திருக்கவே கூடாது என்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சுதந்திரம் வந்த கையோடு நம் விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணமில்லை. பெங்களூரில் அப்போது இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற பெயரில் இருந்த இன்றைய எச்.ஏ.எல்., போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களை ஓவர்ஹால் செய்து பழகியிருந்தது. அவர்கள் ஆட்களை கான்பூருக்கு அனுப்பினார்கள். ஒன்றில் வால், இன்னொன்றில் சக்கரம், வேறொன்றில் கருவிப் பலகை என்று கழற்றி மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். பிறகு எச்.ஏ.எல்லின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஓட்ட, சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம் பெங்களூருக்குப் பறந்தே வந்தன. முழு வேலை அங்கேதான் நடந்தது. 1948 நவம்பரில் 5ஆம் எண் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு லிபரேட்டர்களோடு தொடங்கப்பட்டது. பிறகு 6ஆம் எண் ஸ்குவாட்ரன் கடல் ரோந்துக்கு இவற்றை வைத்துக்கொண்டது. கடைசி லிபரேட்டருக்கு ஓய்வு கொடுத்தது 1968இல். உடைத்துப் போட்ட விமானம் இருபது வருஷம் உழைத்திருக்கிறது.

பறப்பதற்கு அப்படியொன்றும் சுகமான விமானம் இல்லையாம். உள்ளே எப்போதும் பெட்ரோல் வாடை. அது வெளியேற குண்டு அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டே பறப்பார்கள் என்று வாரன்ட் ஆபீசர் சொல்வார். முன்னாலிருந்து பின்னால் போக, அந்த அறை நடுவே ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நடைபாலம். பாராசூட்டோடு அதில் நேராக நடக்க முடியாது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை, அது வேறு டிரேடு. பிராட் அண்டு விட்னி ட்வின் வாஸ்ப், பதினான்கு சிலிண்டர். நம்மிடமிருந்த டகோட்டா போக்குவரத்து விமானத்துக்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் உதிரி பாகத்துக்கு அது கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் ரிவெட்டைப் பற்றிச் சொல்வேன். அது தெரியாமல் இந்த வேலையின் பளு புரியாது. ரிவெட் அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். உள்ளே இன்னொருவர் இறக்கைக்குள்ளோ உடம்புக்குள்ளோ சுருண்டு படுத்துக்கொண்டு, டாலி என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வால் மீது அழுத்திப் பிடித்திருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. உள்ளே இருப்பவர் தட்டுவதுதான் பாஷை. ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, துளைபோட்டு எடு. வால் நசுங்கி உருவாகும் தலை, ரிவெட் தண்டைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் விளிம்பு பிளக்கும், குறைந்தால் பிடிக்காது. அமெரிக்க விமானங்களில் பலம் தேவைப்படும் இடத்துக்கு ஒரு வகை ரிவெட் உண்டு. சூடாக்கிக் குளிர்வித்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். நேரமானால் தானாகவே இறுகிவிடும், அப்புறம் அடித்தால் வெடிக்கும். ஒரு பி-24இல் இப்படி லட்சக்கணக்கில் ரிவெட்டுகள்.

இந்த வேலையில் முன்ஷியின் பெயர் பதிவாகியிருக்கிறது, சந்தோஷம். உள்ளே சுருண்டு படுத்திருந்தவர்களின் பெயர்கள் எங்கே? எச்.ஏ.எல்லில் அந்தக் காலத்திலிருந்தே தமிழர்கள் நிறையப் பேர். 1948இல் இருபது வயதில் அங்கே வேலைக்கு இருந்தவருக்கு இப்போது தொண்ணூற்றைந்துக்கு மேல். அவர்கள் பிள்ளைகள் உங்கள் வாசகர்களாகவே இருக்கலாம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டோ, விமானத்துக்கு முன்னால் நின்று எடுத்த குரூப் போட்டோவோ இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்கள் எழுதியிருந்தால் உங்களுக்கு அனுப்பட்டும்.

இன்று உலகில் பாக்கியிருக்கும் லிபரேட்டர்கள் மிகச் சில. அவற்றில் பல, நம் ஆட்கள் கான்பூர் குப்பையிலிருந்து எடுத்தவை. ஆட்டவாவில் இருக்கும் கனடா அருங்காட்சியக விமானம் 1968இல் நாம் கொடுத்தது. அதற்குப் பதிலாக லைசாண்டர் என்ற பழைய பிரிட்டிஷ் விமானம் ஒன்று நமக்கு வந்தது. அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பது 1969இல் இங்கிருந்து பறந்து போனது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்றை 1974இல் அன்பளிப்பாகக் கொடுத்தோம். இன்னொன்று இங்கேயே கேட்பாரற்றுக் கிடந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் பிரித்துக் கட்டி இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போய், ஐந்து வருஷ வேலைக்குப் பிறகு 1989இல் மறுபடி பறந்தது. நமக்கென்று டெல்லியில் பாலம் என்ற இடத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. உங்கள் நிருபர் லிங்கன்ஷயருக்குப் போவதற்கு முன் அந்த டெல்லி அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை, ரயில் டிக்கெட்டிலேயே முடிந்திருக்கும்.

அந்த லங்காஸ்டரைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒன்று உண்டு. அது ஸ்காம்ப்டன் விமானத்தளத்தின் வாசலில் பல வருஷம் காட்சிப்பொருளாக மழையில் நின்ற விமானம். 1944 மார்ச்சில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர் மீது நடந்த தாக்குதலில் அண்ணனைப் பறிகொடுத்த ஃப்ரெட், ஹெரால்டு பாண்டன் என்ற இரண்டு விவசாயிகள் அதை 1983இல் வாங்கி, பிறகு தங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார்க்ஷயரில் எல்விங்டன் என்ற இடத்தில் தன்னார்வலர்கள் எழுப்பிய ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதன் உடம்பில் ஒரு பகுதி, ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கோழிக்கூடாக இருந்ததாம். அதை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள்.

குண்டு போட்ட விமானத்துக்கு என்ன இவ்வளவு சீராட்டு என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் செத்திருக்கிறார்கள். கீழே ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் செத்தவர்களின் கணக்கு அதைவிடப் பெரிது. அந்த விமானத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. ரிவெட் அடித்தவன் கையை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இவற்றைப் பறக்கவிட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பறக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அமெரிக்காவில் 2019 அக்டோபரில் பி-17 என்ற போர்க்காலக் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து ஏழு பேர் போனார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி-17 நடுவானில் மோதி ஆறு பேர் போனார்கள். தரையில் நின்றால் போதும். நன்றாக நிற்க வேண்டும்.

இங்கேதான் என் ஆதங்கம். நம் மாநிலத்தில் கல்லூரி வாசல்களிலும் பூங்காக்களிலும் பழைய ராணுவ விமானங்கள் பீடத்தில் நிற்கின்றன. ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன். அங்கே நிற்கும் விமானத்தின் இறக்கைக்கு அடியில், தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்ட சிறு துளைகள் உண்டு. விழாவுக்காக யாரோ சுவருக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டை அதன் மேலேயே பட்டையாக அடித்து, துளைகளை மூடிவிட்டார்கள். மேலே இருக்கும் இடுக்குகள் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது என்பதால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து, தகடு அடுக்கடுக்காக உப்பி உரிந்துகொண்டிருக்கும். விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. சக்கரக் கூட்டுக்குள் புறா. புறா எச்சம் தகட்டுக்கு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்கைந்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் சேர்ந்து சனிக்கிழமை தோறும் வந்து இலவசமாகச் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். எந்தச் சங்கத்திலிருந்து வருகிறீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். சங்கமில்லை, சார், கை மட்டும்தான் இருக்கிறது என்றோம். விமானம் எங்கள் சொத்தல்ல, மேலே கேட்க வேண்டும் என்றார்கள். மேலே கேட்டால், பராமரிப்பு அந்தக் கல்லூரியின் பொறுப்பு என்று பதில் வந்தது. அந்த வருஷமே அடுத்த விழாவுக்கு இன்னொரு கோட் எனாமல் ஏறிவிட்டது.

வெளிநாட்டில் இந்த வேலை நடப்பதற்குக் காரணம் அவர்களிடம் பணம் கொட்டிக் கிடப்பது என்று நாம் நினைக்கிறோம். பணமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேலையில் பெரும்பகுதி சுரண்டுவது, கழுவுவது, கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு கட்டிப் பையில் போட்டுக் குறித்து வைப்பது. அதற்கு ஃபிட்டராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பொறுமையுள்ள யார் வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் தாம்பரத்திலும் ஆவடியிலும் சூலூரிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

விமானப்படைத் தலைமையகத்திடமும் மாநில அரசிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பீடத்தில் நிற்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் தன்னார்வலர்களாக உள்ளே வர ஒரு அனுமதிச் சீட்டு முறை வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து ஒரு பதிவேட்டில் ஒட்டச் சொல்லுங்கள். டெல்லி அருங்காட்சியகத்தில் இருக்கும் லிபரேட்டருக்குப் பக்கத்தில் கான்பூர் கதையையும், கிடைக்கிற தொழிலாளர்களின் பெயர்களையும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

அந்தக் கல்லூரி நிர்வாகத்தினர் இதைப் படித்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வடிகால் துளைகளை மட்டுமாவது திறந்து விடுங்கள். இறக்கைக்கு ஒரு மணி நேர வேலை. ஏணியை நீங்கள் கொடுங்கள், டிரில்லும் துணியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
விமானப்படையில் ஓய்வு பெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
கிழக்குத் தாம்பரம்.