வழக்குக் கட்டுகள் எடைக்குப் போகக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரியில் 26 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். 2021-இல் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுத்திணறி இறந்த ஒரு தொழிலாளியின் மனைவிக்காக வக்காலத்துப் போட்டேன். காவல் நிலையத்தில் 'தவறி விழுந்து இறந்தார்' என்று, இயற்கைக்கு மாறான மரணங்களுக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் பதிந்திருந்தார்கள். கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடவே இல்லை. உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்ட 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டைக் கேட்டால், "இது விபத்துதானே" என்று மனுவைத் திருப்பினார்கள். ஏழு மாதம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு அலைந்தார்.

ஒரு நாள் உயர் நீதிமன்ற உணவகத்தில் எதிரே அமர்ந்திருந்த இளம் வழக்கறிஞர், "எங்கள் மாவட்டத்திலும் இதே கதைதான் சார்" என்றார். பிரிவுகளை மாற்றக் கோரித் தாம் போட்ட மனுவின் நகலை அன்று இரவே அனுப்பினார். நான்கே பக்கம். வேலைக்கு அழைத்தவரின் கைப்பேசி அழைப்புப் பதிவு, கூலி பேசியதற்குச் சாட்சி, தொட்டிக்குள் விட்ட கயிற்றின் புகைப்படம் என, எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்பது வரிசையாக இருந்தது. அதைப் பார்த்து எழுதிய மனுவில்தான் எங்கள் வழக்கு நகர்ந்தது. அந்தத் தம்பி வேறு மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் மனம் பதறுகிறது.

தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. மனுக்களும் குறுக்கு விசாரணைக் குறிப்புகளும் அவரவர் அலமாரியில் முடங்கிக் கிடக்கின்றன. என் சீனியர் காலமானபோது, அவர் நடத்திய கொத்தடிமை மீட்பு வழக்குகளின் கட்டுகளை இரண்டு சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் ஒரு சாக்கைத்தான் மீட்டேன்.

எங்கள் மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையினரும் காவலர்களும் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போனார்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிய 2023 ஆயிற்று. இத்தனை நீண்ட வழக்கை ஒரே வழக்கறிஞர் தோளில் சுமக்க முடியுமா? கைமாற்றிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, விழுப்புரம் போல எல்லோரும் பஸ்ஸில் வந்து திரும்பக்கூடிய ஊரில், இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் நாம் கூடி மனுக்களைப் பகிர்ந்துகொள்ளலாம். வழக்கறிஞர் சங்கங்கள் தங்கள் நூலகத்தில் அந்த நகல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். மீட்ட அந்தச் சாக்கிலிருந்த மனுக்களில் பெயர்களை மறைத்து நகலெடுத்து வைத்திருக்கிறேன். கேட்கும் சங்கத்துக்கு என் செலவிலேயே அனுப்புகிறேன்.

– ஒரு வழக்கறிஞர், தருமபுரி