மோட்டரை எந்த உயரத்தில் நிறுத்துவது: மெல்பனில் இருக்கும் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகன்,

உன் மின்மோட்டர்க் கிளைடர் மொடலின் பறப்புப் பதிவுகளை, நீ அனுப்பினதை ஒன்றுவிடாமல் வடிவாகப் பார்த்தேன். 60, 70 மீற்றரிலேயே மோட்டரை நிறுத்திவிடுகிறாய். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட பறப்புகள் ஏழாம் நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடுகின்றன. நன்றாகப் பறப்பவர்கள் தாழ்வாய் நிறுத்துகிறார்கள் என்று பார்த்து நீயும் அப்படிச் செய்கிறாய் என்று விளங்குகிறது. ஆனால் முதல் போட்டிக்கு அது கூடாது, ராசா. 150 மீற்றரில் நிறுத்து. ஏனென்று கணக்கோடு எழுதுகிறேன்.

எஃப்5ஜே, அதாவது மோட்டரால் ஏறி, அதை நிறுத்திவிட்டு மிதக்கும் றேடியோக் கிளைடர்ப் போட்டி. அதன் தகுதிச் சுற்றில் பறக்கும் ஒவ்வொரு முழுச் செக்கனுக்கும் ஒரு புள்ளி. மொத்த நேரம் 10 நிமிடம். தொடக்க உயரத்தில், அதாவது மோட்டரை நிறுத்தும்போது எட்டிய உயரத்தில், 200 மீற்றர் வரைக்கும் மீற்றருக்கு அரைப் புள்ளி கழியும், அதற்கு மேலே மீற்றருக்கு 3 புள்ளி. தரையில் இட்ட இறங்கும் குறியிலிருந்து ஒரு மீற்றருக்குள் மொடலின் மூக்கு நின்றால் 50 புள்ளி, பிறகு ஒவ்வொரு மீற்றருக்கும் ஐந்து ஐந்தாய்க் குறைந்து 10 மீற்றருக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஆக, ஒரு நல்ல இறக்கம் 100 மீற்றர் உயரத்துக்குச் சமம். நீ அந்த 50ஐ அடிக்கடி விட்டுவிட்டு, உயரத்தில் 40 புள்ளி மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாய்.

150 மீற்றரில் நிறுத்தி, 597 செக்கன் பறந்து, குறியில் இறங்கினால் 597 + 50 − 75 = 572. 60 மீற்றரில் நிறுத்தி, தூக்கும் காற்றுக் கிடைக்காமல் 450 செக்கனில் குறியில் இறங்கினால் 450 + 50 − 30 = 470. அதே குழுவில் ஒருவர் 60 மீற்றரில் நிறுத்தி முழு நேரமும் பறந்துவிட்டார் என்று வை: அவருக்கு 617. குழுவில் முதல்வருக்கு 1000 என்று மாற்றும்போது உன் 572க்கு 927 கிடைக்கும், 470க்கு 762தான். 927 எடுத்தவன் அடுத்த சுற்றிலும் போட்டியில் இருக்கிறான். 762ஐ ஈடுகட்ட நாள் முழுக்க ஓடவேண்டும்.

150 மீற்றரும் இலவசமாய் 10 நிமிடம் தராது என்பதை மறந்துவிடாதே. அசையாத காற்றில் உன் மொடல் செக்கனுக்கு ஏறத்தாழ 0.4 மீற்றர் இறங்கும். 150 மீற்றர் 375 செக்கனில் தீர்ந்துவிடும். மிச்சம் நான்கு நிமிடத்துக்குத் தெர்மல், அதாவது மேலெழும் சூட்டுக் காற்று, தேடத்தான் வேண்டும். ஆனால் 60 மீற்றரிலிருந்து தேட உனக்கு இரண்டரை நிமிடம்தான் இருக்கிறது, அதுவும் நேராக ஒரு திசைக்குப் போய்வரத்தான் காணும். 150 இருந்தால் முதல் திசை பொய்த்தாலும் இரண்டாவது திசையைப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி மோட்டர் நிற்கும் அந்தக் கணம். உன் பதிவுகளில் அதிகம் வீணாவது இங்கேதான். ஏவியதிலிருந்து மோட்டர் நின்று 10 செக்கன் ஆகும் வரைக்கும் மொடல் தொட்ட ஆக உயர்ந்த புள்ளியைத்தான் உயரமானி பிடிக்கும். நீ மூக்கை மேலே நிமிர்த்தியபடியே மோட்டரை வெட்டுகிறாய். செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் சாய்வாக ஏறிக்கொண்டிருக்கும் மொடல், மோட்டர் இல்லாமலே இன்னும் 11 மீற்றர் வரைக்கும் ஏறும். அதுவே 5 புள்ளிக்கு மேல். வெட்டுவதற்கு ஒரு செக்கனுக்கு முன்பே மூக்கைத் தாழ்த்து. வேகத்தை ஏற்றமாக மாற்றாமல் முன்னோக்கிப் போகும் வேகமாக வைத்துக்கொள். அதற்குப் பிறகு 10 செக்கனுக்கு நேராகப் பற. தெர்மல் தட்டுப்பட்டாலும் உடனே சுற்றாதே. 2 மீற்றர் வேகத்தில் தூக்கும் காற்றில் அந்த 10 செக்கனும் சுற்றினால் உயரம் 20 மீற்றர் கூடி, 10 புள்ளி கழிந்துவிடும். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பத்து முடிந்ததும் திரும்பி வா. பத்தை உதவியாளர் சத்தமாய் எண்ணட்டும், நீ மொடலைப் பார்.

மோட்டருக்குத் தந்திருக்கும் 30 செக்கனை ஏறுவதற்கு மட்டும் செலவழிக்காதே. முதல் 18 செக்கன் பாதி வலுவில், 40 மீற்றர் அளவில், நீ சந்தேகப்படும் திசைக்குப் போ. வால் தானாய்த் தூக்குகிறதா, ஒரு பக்க இறக்கை கிளம்புகிறதா என்று பார். நல்ல காற்று உறுதியாய்த் தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். தெரியாவிட்டால் முழு வலுக் கொடு; உன் மொடலின் உயரம் செக்கனுக்கு 10 மீற்றர் கூடுகிறது, ஆகவே மிச்சம் 11, 12 செக்கனில் 150ஐத் தொடும். ஒரு எச்சரிக்கை: வலுவைக் குறைக்கும்போது றேடியோவில் மோட்டர்க் குச்சியைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. உயரமானி அதை நிறுத்தமாக எடுத்து மோட்டரைப் பூட்டிவிடும். அவசரத்துக்கு மறுபடி ஓடவிட்டால் மொடல் தப்பும், அந்தப் பறப்புக்குப் பூச்சியம்.

பதிவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மோட்டர் நின்ற பிறகு முதல் அரை நிமிடம் இறங்கும் வேகம் 0.7, பிறகுதான் 0.4க்கு வருகிறது. புரொப்பெல்லர் மடியாமல் காற்றில் சுழன்றுகொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வேகக் கட்டுப்படுத்தியில் பிரேக் போட்டிருக்கிறதா பார். மொடலை ஒருவர் இறுக்கிப் பிடிக்க, புரொப்பெல்லரின் தளத்துக்குப் பின்னால் நின்று, அரை வலுவில் ஓடவிட்டு வெட்டு: ஒரு செக்கனுக்குள் நிற்கவேண்டும். கியர்ப்பெட்டி உள்ள மோட்டர் என்றால் ஆகக் கடுமையான பிரேக்கை வைக்காதே. பல்லும் போகும், தண்டைப் பிடிக்கும் சிறு திருகாணியும் தளரும். புரொப்பெல்லரின் அலகுகள் மடிந்தபின் உடலோடு ஒட்டி நிற்கின்றனவா, பிணைப்பில் இறுக்கம் இருக்கிறதா என்பதையும் கையால் பார்.

உயரமானியை எங்கே ஒட்டியிருக்கிறாய்? அது காற்றழுத்தத்தைத்தான் உயரமாக மாற்றுகிறது; தரைக்குக் கிட்ட ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 8 மீற்றர். மூக்கிலிருந்து வரும் குளிர்காற்று நேரே அதில் மோதினால் அழுத்தம் மாறி எண் பிழைக்கும். மெல்லிய ஸ்பொஞ்சில் சுற்றி, காற்றோட்டத்துக்கு விலகி, மோட்டருக்கும் பற்றறிக்கும் ஒட்டாமல் வை. மின்னைக் கொடுத்துவிட்டு வெயிலில் நெடுநேரம் மொடலைப் போட்டுவைக்காதே. சூடேறினால் பூச்சியம் நகரும். இறங்கின பிறகு நேரக்காப்பாளர் எண்ணை வாசித்து எழுதும் வரைக்கும் பற்றறியைக் கழற்றாதே.

பற்றறி பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று செல், 1000 மில்லிஅம்பியர் மணி போதும். 40 அம்பியரில் 30 செக்கன் ஓடினால் செலவு 333 மில்லிஅம்பியர் மணி. சிறகுகளை அசைக்கும் சேர்வோக்களுக்கும், றேடியோ சமிக்ஞையை வாங்கும் றிசீவருக்கும் மிச்சம் தாராளம். பெரியது போட்டால் 80, 90 கிராம் கூடும், பயன் இல்லை. ஆனால் 40 அம்பியர் அந்தப் பற்றறியின் கொள்ளளவுக்கு 40 மடங்கு (40C). வெளியேற்ற வீதம் 45Cக்குக் குறைந்ததை வாங்காதே, மோட்டர் ஓடும்போதே மின்னழுத்தம் சரிந்து றிசீவர் தள்ளாடும். ஆறு சேர்வோவும் ஒன்றாய் அசைவது இறங்கும்போதுதான். அப்போது மின் போதாமல் மொடல் செத்தால் ஆளின் தலைக்கு மேலே செத்ததாகும். நிலத்தில் வைத்து எல்லாக் குச்சியையும் சேர்த்து ஆட்டிவிட்டு மின்னழுத்தத்தைப் பார்.

காற்றை வாசிப்பதுதான் கடைசிவரைக்கும் படிக்கவேண்டியது. ஒரு கம்பு நட்டு, மெல்லிய கம்பளி நூலைக் கட்டு. நிலத்துக்குக் கிட்டக் காற்று தெர்மலை நோக்கித்தான் ஓடும். வழக்கமான காற்று திடீரென்று பலத்தால் தெர்மல் உன்னைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. காற்று ஓய்ந்து நூல் தொங்கினால், அது காற்று வரும் பக்கத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நூல் வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் போ. உன் சுற்றுக்குப் பத்து நிமிடம் முன்னமே நின்று, முன்சுற்றில் பறப்பவர்கள் எந்த மூலையில் ஏறுகிறார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நூல் தொங்குகிறது என்று குறித்துவை. எல்லாரும் ஒன்றாகத்தான் ஏவுகிறீர்கள்; பக்கத்தில் ஒருவர் சுற்றி ஏறினால் வெட்கப்படாமல் அங்கே போய் அவர் சுற்றும் திசையிலேயே சுற்று.

இங்கே கொழும்பில் இது படிக்கக் கடினம். முற்பகலிலேயே கடற்காற்று வந்து கரையோரக் காற்றைத் தட்டையாக்கிவிடும். காலிமுகத்திடலில் பட்டங்கள் அசையாமல் நிற்பதே அதற்குச் சாட்சி. தியவன்னா ஓயாப் பக்கம் உள்ளே போனால் செம்பருந்து வட்டமிடும். மார்ச், ஏப்ரலில் மதியத்துக்குள் முகில் பெருத்துப் பின்னேரம் இடி விழும். மெல்பன் வேறு. கோடையில் வடக்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்றில் தெர்மல் குறுகலாயும் பலமாயும் இருக்கும். அதன் பக்கத்திலேயே இறக்கமும் அவ்வளவு பலமாய் இருக்கும். தெற்கிலிருந்து குளிர்காற்று மாறிவரும் நாளில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே இரு. வெப்பம் சில நிமிடத்திலேயே விழும், காற்று வந்து அடிக்கும், 4 மீற்றர் இறக்கை அதைத் தாங்காது.

தெர்மலோடு காற்று அடித்துச்செல்லும் பக்கம் போவதற்கு எல்லை வை. 300 மீற்றர் பின்னால் போய்விட்டாய், காற்று செக்கனுக்கு 4 மீற்றர், உன் மொடல் 9 மீற்றர் வேகம் என்றால் திரும்பிவர 60 செக்கன் வேண்டும். மோசமான காற்றில் செக்கனுக்கு ஒரு மீற்றர் இறங்கினால் 60 மீற்றர் போய்விடும். இறங்குவதற்கு இன்னும் 20 மீற்றர். ஆகவே அந்தத் தூரத்தில் 80 மீற்றர்தான் கடைசி, அதற்குமுன் திரும்பு. குறியிலிருந்து 75 மீற்றருக்கு அப்பால் இறங்கினால் அந்தப் பறப்பே பூச்சியம். காற்று 5, 6 மீற்றரைத் தாண்டினால் 300 கிராம் பாரம் போடு. 1500 கிராமில் 300 கூடினால் மிதக்கும் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். பாரத்தைப் புவியீர்ப்பு மையத்திலேயே வை, முன்னும் பின்னும் வேண்டாம்.

மையத்தைத் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் தொடங்கு. சமநிலையில் பறக்கும்போது 30 பாகை மூக்கைத் தாழ்த்திக் குச்சியை விடு. மொடல் சட்டென்று நிமிர்ந்தால் மூக்குப் பாரம். மையத்தை 2 மில்லிமீற்றர் பின்னே நகர்த்து. இன்னும் கீழே குத்தினால் உடனே முன்னே கொண்டுவா. மெதுவாய் நிமிர்வதுதான் உனக்கு இப்போது வேண்டும். பின்மையம் காற்றை நன்றாய்க் காட்டும், ஆனால் களைத்த கையோடு இறங்கும்போது மன்னிக்காது.

இறக்கத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கு. இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு (ஃபிளாப்) 70 பாகை கீழே, ஓரச் சிறகு (எய்லறன்) கொஞ்சம் மேலே. மடிப்பு இறங்கும்போது மூக்கு எழும்பாதபடி வால் சிறகைத் தாழ்த்தும் றேடியோக் கலவையை 50 மீற்றர் உயரத்தில் வைத்துச் சரிபார். அந்தத் திருத்தம் நேர்கோட்டில் போகாது: முதல் மூன்றில் ஒரு பங்கு மடிப்பிலேயே பெரும்பகுதி வேண்டியிருக்கும், றேடியோவில் வளைகோடாய் எழுது. கடைசி நிமிடத்தில் உதவியாளர் பத்துப் பத்தாய் எண்ணட்டும், கடைசிப் பத்தை ஒவ்வொன்றாய். 20 செக்கன் மிச்சம் இருக்கும்போது குறியிலிருந்து 40 மீற்றர் காற்றின் கீழ்ப்பக்கம், 10 மீற்றர் உயரத்தில், காற்றை எதிர்த்து வரவேண்டும். 9 நிமிடம் 57இல் தொடு. மணி அடித்தபின் தொட்டால் இறக்கப் புள்ளி முழுவதும் போகும். மூன்று செக்கன் முந்தினால் மூன்று புள்ளிதான். மொடல் உன் காலிலோ உதவியாளரிலோ பட்டாலும் இறக்கப் புள்ளி இல்லை, விலகி நில்.

எப்போது உயரத்தைக் குறைக்கலாம் என்று கேட்பாய். பயிற்சியில் அடுத்தடுத்து ஐந்து பறப்பு முழு நேரமும் ஓடி, ஐந்தும் 3 மீற்றருக்குள் இறங்கினால் 120க்கு வா. பிறகு 100. ஏவுமுன்னே பறவையோ வேறு மொடலோ ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் அதற்கும் கீழே. இறுதிச் சுற்றுக்குப் போனால் நேரம் 15 நிமிடம். அங்கே கணக்கு வேறு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

டிசெம்பரில் வரும்போது மொடலைக் கொண்டுவர நினைத்தால், பெட்டியைக் கட்டுமுன் இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் அனுமதி பற்றிக் கேட்கவேண்டும். விவரத்தை எனக்கு அனுப்பு, நான் கேட்டு வைக்கிறேன். லைப்போ பற்றறிகளை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பொதியில் போடக்கூடாது, கையோடு கொண்டுவா. உன்னுடையது ஒன்று 11.1 வாட் மணி, விமானத்தின் 100 வாட் மணி எல்லைக்கு எவ்வளவோ கீழே. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து, முனைகளை ஒட்டி மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடு.

அடுத்த பதிவை அனுப்பும்போது பற்றறி மின்னழுத்தமும் மோட்டர் வலுவும் சேர்த்துப் பதியும்படி வை. வெயிலில் நிற்கும் நாளில் சாப்பிடாமல் போகாதே.

அன்புடன்,
அம்மா