பெட்டியில் போகும் துப்பாக்கியும் பையில் மறந்த தோட்டாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விமான நிலையத்தில் பயணியின் பையில் தோட்டா சிக்கியது என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கிறது. நான்கு வரிச் செய்தி, ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்பதோடு முடிந்துவிடும். அது எப்படி அங்கே வந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று யாரும் எழுதுவதில்லை. திருச்சி விமான நிலையத்தையே நம்பியிருக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பக்கத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் யார்? பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய இரட்டைக்குழலை இன்னும் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள், வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர், நகைக்கடை, அடகுக்கடைக்காரர்கள். இப்போது போட்டிக்குச் சுடப் பழகும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அதே வீடுகளிலிருந்துதான் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஆள் போகிறது. பரணில் தோட்டா வைத்த பையும் பயணப் பையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவசரத்துக்கு அண்ணன் பையைத் தம்பி தூக்கிக்கொண்டு போகிறான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உரிமம் உள்ள துப்பாக்கியை உள்நாட்டு விமானத்தில் கொண்டுபோக வழியிருக்கிறது. கைப்பையில் கூடவே கூடாது. கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டியில், முன்கூட்டி விமான நிறுவனத்திடம் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான். சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன, சில ஏற்பதே இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டாவது நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். பாதி வழியில் துப்பாக்கியோடு நிற்பதைப்போல் தர்மசங்கடம் வேறில்லை. உரிமத்தின் அசல் கையில் இருக்க வேண்டும். அது செல்லுபடியாகும் எல்லை மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுவதுமா என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று எழுதிய உரிமத்தோடு டெல்லிக்கு ஏறினால், இறங்கும் இடத்தில் அது உரிமமில்லாத துப்பாக்கிதான். அப்பா பெயரில் உள்ளதை மகன் கொண்டுபோவதும் அப்படியே. உரிமத்தில் மகன் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய அவர் அதைத் தொட்டு எடுத்துச் செல்ல முடியாது.

உண்மையில் விபத்து நடப்பது தோட்டாவை இறக்கும் நேரத்தில். பிஸ்டலில் தோட்டா அடுக்கும் கூடான மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று பலர் நினைக்கிறார்கள். மேகசின் கையில் இருக்கும்போதே ஒரு தோட்டா குழலின் அறைக்குள் உட்கார்ந்திருக்கலாம். வரிசை மாறினாலும் கெடுதல்தான். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முதலில் இழுத்து, உள்ளேயிருந்த தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்துத் திருப்தியடைந்து, அதன்பின் மேகசினைக் கழற்றினால், அந்த இழுப்பிலேயே அடுத்த தோட்டா அறைக்குள் ஏறியிருக்கும். கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா, உள்ளே இன்னொன்று. அதனால் மேல்பாகத்தைப் பின்னால் பூட்டி, வெளிச்சத்தில் அறையைப் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். கண் ஏமாறினாலும் விரல் ஏமாறாது.

டெல்டாவின் ஈரக்காற்றில் வைத்திருக்கும் பழைய இரட்டைக்குழலில் சங்கடம் வேறு விதமாக வரும். பல வருடம் கிடந்த 12 போர் (குழலின் அளவு) தோட்டாவின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறும், காகித உடல் ஈரம் குடித்துப் பருக்கும். பருத்த தோட்டா குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியை மடக்கித் திறந்தால், வெளியே தள்ளும் நகம் தோட்டாவின் விளிம்பை விட்டு வழுக்கிவிடும். சில நேரம் பித்தளை அடி மட்டும் கையோடு வந்து, உடம்பு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு குழலையும் வானத்துக்கு எதிரே பிடித்து, முழு வட்டமாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால்தான் காலி என்று சொல்ல முடியும். சிக்கிய தோட்டாவைக் கம்பியால் குத்தித் தள்ளாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுங்கள். ரிவால்வரில் 6 அறை என்றால் ஆறையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து தோட்டா விழுந்த சத்தத்தைக் கேட்டு ஆறு என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

இதையெல்லாம் வீட்டிலேயே, மணல் நிரப்பிய வாளிக்கு நேரே குழலைப் பிடித்துக்கொண்டு செய்துவிட வேண்டும். விமான நிலையக் கூட்டத்தில், வரிசையில் பின்னால் நிற்பவரின் முழங்காலுக்கு நேரே குழலை நீட்டிக்கொண்டு செய்கிற வேலையல்ல இது. அங்கே அதிகாரி கேட்கும் இடத்தில் திறந்து காட்டினால் போதும்.

பெட்டி கெட்டியானதாக, வளையாததாக, எல்லாத் தாழ்களிலும் பூட்டு மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே பூட்டுப் போட்ட பெட்டியின் மறுமூலையை நெம்பினால் கை போகும் அளவுக்குத் திறக்கும். இரட்டைக்குழலைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி வையுங்கள். பெட்டியின் வெளியே துப்பாக்கி என்று எழுதி வைக்காதீர்கள், அது திருடனுக்கு எழுதும் கடிதம்.

தோட்டாக்கள் துப்பாக்கியோடு சேராமல் தனிக் கட்டாக, அட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றும் தன் குழியில் அசையாமல் உட்கார வேண்டும். உதிரியாகப் பையில் போட்டால் ஒன்றின் முனை இன்னொன்றின் கேப்பில், அதாவது அடிபட்டால் தீப்பற்றும் அடிப்பகுதியில், குத்தும். சாவி, ஆணி, திருப்புளி எதுவும் அந்த வேலையைச் செய்யும். நம் நாட்டில் ஒருவருக்கு 50 தோட்டா வரை. சர்வதேச விதியில் கட்டோடு சேர்த்து 5 கிலோ. இருவர் பங்கை ஒரே கட்டில் சேர்க்கக் கூடாது. 12 போர் தோட்டா ஒன்று ஏறக்குறைய 50 கிராம், ஆக 50 தோட்டாவும் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். வெடித்துத் தீப்பற்றும் வகைக் குண்டுகளுக்கு இடமே இல்லை. நாட்டுத் துப்பாக்கிக்கான கருமருந்தும் கேப்பும் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தீபாவளிக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கியின் ரோல் கேப்பும் இதில்தான் சேரும். பேரனுக்கென்று சிங்கப்பூருக்கு எடுத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து தோட்டா வெடிக்குமா என்று கேட்பார்கள். வெடிக்காது. சரக்கு அறையிலும் பயணிகள் அறையைப்போலவே அழுத்தம் காக்கப்படுகிறது. பயப்பட வேண்டியது பேட்டரிக்கு. குறிபார்க்கும் கருவிக்கான உதிரி லித்தியம் பேட்டரியைப் பெட்டியில் வைக்கக் கூடாது, அது கைப்பையில் வர வேண்டும். போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளின் ஏர் ரைபிளில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும். அதை முழுதும் காலிசெய்து, முள் பூச்சியத்தில் நிற்பதைக் காட்ட வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லைதான், ஆனால் விமானத்தில் அதையும் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும்.

இறங்கிய இடத்தில் பெட்டியைக் கையோடு கையாக, அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் 2017 ஜனவரி 6 அன்று ஒருவன் முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியை, இறங்கியதும் எடுத்து, கழிவறையில் தோட்டாவை நிரப்பிக்கொண்டு வந்து, பெட்டிகளுக்காகக் காத்திருந்தவர்களில் 5 பேரைச் சுட்டுக் கொன்றான். ஏறும் இடத்தில் காகிதமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. துப்பாக்கிப் பெட்டியை எல்லாப் பெட்டியோடும் சுழலும் பட்டையில் விடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி அந்த நான்கு வரிச் செய்திக்கு வருகிறேன். சிக்குபவர்களில் பலர் துப்பாக்கியே கொண்டுபோகாதவர்கள். பக்கவாட்டு ஜிப், லைனிங் கிழிந்த ஓட்டை, அடிப்பலகைக்குக் கீழே, ஷேவிங் பை: இந்த இடங்களில் ஒற்றைத் தோட்டா வருடக்கணக்கில் தங்கும். எக்ஸ்ரே திரையில் துணியும் சாப்பாட்டுப் பொருளும் ஆரஞ்சு நிறமாகத் தெரியும்போது, பித்தளையும் ஈயமும் கருநீலமாகப் பளிச்சென்று நிற்கும். தப்பாது. தோட்டா வடிவச் சாவிக்கொத்தும் கழுத்து டாலரும் அதே உருவத்தில்தான் தெரியும். உடனே பயணம் நின்றுவிடும், விமான நிலையக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிவரும். ஆயுதச் சட்டம், 1959-இன்படி ஒற்றைத் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் விளக்கியிருக்கிறது. அதைக் காட்டி, திருச்சி வழக்கென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் வழக்கு முடிவதற்குள் வேலைக்குச் சேரும் தேதியும் விசாவும் போயிருக்கும். இங்கே தப்பி அங்கே போய்ச் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். துப்பாக்கி வடிவ லைட்டரைக்கூட சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

ஆகவே இரவல் பையோ சொந்தப் பையோ, கட்டுவதற்கு முன் வெயிலில் கொண்டுபோய் உள்புறத்தை வெளியே திருப்பி உதறுங்கள். லைனிங்கை விரலால் நெடுக அழுத்திப் பாருங்கள். பெரியவர் காலமான வீட்டில் பரணில் தோட்டா கிடைத்தால், தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வீசாதீர்கள். தூர் வாரும்போது அது யாருடைய மண்வெட்டியிலாவது வந்து மாட்டும்.

தங்கள் இதழ் மூலம் இரண்டு கோரிக்கைகள். உரிமம் இப்போது 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்படி வருகிறவர்களுக்கு விமானப் பயண விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஆட்சியர் அலுவலகங்கள் கொடுக்க வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ்காரர்கள், ‘பையை உதறிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவையாறு.