செத்த பிறகு எழுதும் படிவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள், கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டாதீர்கள், கம்பத்தில் கொடி கட்டித் துணி காயப்போடாதீர்கள், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள் என்று. நல்ல அறிவுரைதான். ஆனால் எல்லாமே பொதுமக்களுக்கு. கம்பத்தடியிலேயே வேலை பார்க்கிற ஊழியர் ஆபத்தைக் கண்டால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. 32 ஆண்டுகள் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கும் மின் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மின்விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 2005இல் வந்த விதிகளின்படி, உயிர் போயிருந்தால் தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் அறிக்கை போக வேண்டும். எந்த விபத்தானாலும் 48 மணி நேரத்துக்குள் 'படிவம் அ'வில் எழுத்துப்பூர்வமான அறிக்கை போக வேண்டும். தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. அந்த அறிக்கையை அனுப்ப வேண்டியவர் இளநிலைப் பொறியாளருக்குக் குறையாதவர். அவருக்குக் கீழே இருக்கும் வயர்மேன், கேங்மேன், கணக்கீட்டாளர் யாருக்கும் இந்த விதியில் இடமில்லை. ஆனால் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

161ஆம் பிரிவில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற ஒரு சொல் இருக்கிறது. உயிரிழப்போ காயமோ 'ஏற்படுத்திய' விபத்தை மட்டும் அது சொல்லவில்லை, 'ஏற்படுத்தியிருக்கக்கூடிய' விபத்தையும் சேர்த்தே சொல்கிறது. நடுராத்திரியில் கம்பி அறுந்து ரோட்டில் விழுகிறது, நல்லவேளையாக அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. நான் படித்துப் புரிந்துகொண்டவரை அதுவும் தெரிவிக்க வேண்டிய விபத்துதான். அப்படி யாரும் சாகாத விபத்துக்கு ஒரு படிவம் எழுதி என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. கம்பியை இழுத்துக் கட்டுவார்கள், பியூஸ் போடுவார்கள், 'சப்ளை சரி செய்யப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுவார்கள். கம்பி ஏன் அறுந்தது என்ற கேள்வி அத்தோடு போயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவரை மட்டும் குறை சொன்னதாக இருக்கக் கூடாது. தொண்ணூறுகளில் ஒரு சிற்றூர். வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிவிட்டுத் திரும்பும்போது ஒரு ஸ்டே கம்பியைப் பார்த்தேன். கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கும் அந்தக் கம்பியின் நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இருக்க வேண்டும். மேலே லைன் உரசினாலும் மின்சாரம் கீழே இறங்காமல் தடுப்பது அதுதான். அங்கே பீங்கான் உடைந்து, கம்பியை நேராகவே முறுக்கிக் கட்டியிருந்தார்கள். டீக்கடையில் பார்த்த ஒரு வயர்மேனிடம் சொன்னேன். "பார்த்துக்கலாம் சார்" என்றார். நானும் அதோடு மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு மழை நாளில், கறவை மாடு ஒன்று அந்தக் கம்பியில் உரசி அங்கேயே விழுந்து செத்தது. அடுத்த முறை ரீடிங் எடுக்கப் போனபோது மாட்டுக்காரம்மா கேட்டார்: "ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் நீங்கதானே வர்றீங்க, உங்க கண்ணுல படலையா?" பட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டுக்கும் விபத்து அறிக்கை உண்டு, போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

ரயில்வேயைப் பாருங்கள். அதன் 1976ஆம் ஆண்டுப் பொது விதிகளில், தண்டவாளத்திலோ சிக்னலிலோ வண்டியிலோ கோளாறு கண்ட எந்த ஊழியரும் விபத்தைத் தடுக்க உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் பக்கத்து நிலைய அதிகாரிக்கு எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தகவல் தர வேண்டும் என்று இருக்கிறது. 'எந்த ஊழியரும்' என்பதுதான் முக்கியம். பதவி பார்க்கவில்லை.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல், ஆபத்தை உண்டாக்குவது ஒரு துறை, தாங்குவது இன்னொரு துறை. சாலையைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்குத் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரம் வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் அந்த உயரம் தானாகக் குறைந்துவிடும். போட்டவர் சொல்வதில்லை, கம்பிக்காரர் அளப்பதில்லை. சப்பரமோ தேரோ வரும் நாளில்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். 2022 ஏப்ரல் 27 விடியலுக்கு முன் தஞ்சை களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள்.

ஏன் ஊழியர்கள் எழுதுவதில்லை? சோம்பல் பாதி, பயம் பாதி. சென்னை கொடுங்கையூரில் 2017 நவம்பர் 1 அன்று மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். பணியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தவறு செய்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதைப் பார்க்கும் மற்ற ஊழியர் என்ன படிப்பார்? 'பார்த்தேன்' என்று எழுதினால் 'பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய்' என்று மெமோ வரும், எழுதாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் எழுதிக் கொடுத்தவருக்கு அப்போதே ஒரு பதிவு எண் தர வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குறை சரியாகாவிட்டால் பொறுப்பு அந்தத் தகவலைப் பெற்றுக்கொண்டவருடையது. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், குடிநீர் வாரியத்தில் பள்ளம் தோண்டுபவர் ஆகியோருக்கும் இதே வசதி வேண்டும். திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸை, அதாவது தெருவோர மின்பெட்டியை, விடியற்காலையில் முதலில் பார்ப்பவர் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டியதில்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை எல்லாத் தெருவிலும் நடந்த அந்தக் கண்களும் வராது. அதற்குப் பதில் யார் நடப்பார்கள் என்று இதுவரை எங்கும் படிக்கவில்லை. உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)